காலண்டர் சீமாட்டிகளும் செல்லக்கனியின் கத்தரியும்

1988ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறே காலுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்கு அருகில் இருந்த பீர் மைதீன் தையற்கடையில் செல்லக்கனியிடம் பன்னிரண்டு தாள் கொண்ட பழைய காலண்டர் ஒன்றைக் கொடுத்தேன். என் நாட்குறிப்பில் இது ஒரே வரி. அதற்குக் கீழே அன்றைக்கு வாங்கிய சோப்பும் தீப்பெட்டியும் இருக்கின்றன.

ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்யும் ஆலை ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் சரக்குப் பதிவேடு எழுதினேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஆண்டு முடிந்ததும் ஆபீஸ் சுவர்களிலிருந்து இறக்கும் காலண்டர்களை வீணாக்காமல் பகிர்ந்து கொடுப்பது வழக்கம். வழவழப்பான தாள் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட உதவும். கெட்டியான தாள் எப்போதும் செல்லக்கனிக்கு. வெட்டிப் பழகுவதற்கு அவளுக்குத் தாள் வேண்டும்.

செல்லக்கனி சுந்தரபாண்டியத்துக்காரி. 1961இல் பிறந்தவள், எட்டாம் வகுப்பு வரை படித்தவள். வன்னியம்பட்டி சோலைராஜைக் கல்யாணம் செய்துகொண்டு, அவன் ராஜபாளையத்தில் நூல் மில் வேலைக்குப் போகத் தோதாக ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்குக் குடிவந்தாள். 1983 ஜூனில் பீர் மைதீன் கடையில் சேர்ந்தாள். முதல் இரண்டு ஆண்டு கொக்கியும் பொத்தான் காஜாவும் கைத்தையலும். பிறகு மிஷினில் உட்கார விட்டார். ஆனால் வெட்டுவதற்கு விடவில்லை.

அந்தக் கடையில் மட்டுமல்ல, நான் அறிந்த எந்தத் தையற்கடையிலும் அப்போது அதுதான் முறை. எத்தனை பேர் தைத்தாலும் துணியில் கத்தரி வைப்பவர் ஒருவர். அவருக்குத்தான் மாஸ்டர் என்று பெயர். கழுத்தில் டேப் தொங்குவது அவருக்கு. பீர் மைதீனின் கத்தரி பத்து அங்குலம், கறுப்புப் பிடி, பிடியில் துணிக்கிழிசல் சுற்றியிருக்கும். வேலை முடிந்ததும் தலைக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டுவார். அவர் ஆறடி உயரம். ஆணி அதற்கும் மேலே. செல்லக்கனி முக்காலியில் ஏறினால்தான் எட்டும். ஏறியதில்லை.

ஒரு நாள் நான் சட்டைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தபோது, மாஸ்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் சொன்னாள்.

"அண்ணாச்சி, அவிய வெட்டுற ஜாக்கெட்டு கக்கத்துல இழுக்குது. நாந்தான் பிரிச்சுப் பிரிச்சுச் சரியா ஒக்கிடுறேன். வெட்டுன ஆளுக்குத் தெரியல, தைக்கிற எனக்குத் தெரியுது."

"அவர்ட்டயே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். 'தையல் கூலிக்கு வந்தவ, தையி'ன்னுட்டாவ."

அதனால்தான் வீட்டில் காலண்டர் தாளில் வெட்டிப் பழகினாள். நான் கொடுத்த தாள்களெல்லாம் ஒரு வாரத்தில் கை, கழுத்து, முன்பக்கம், பின்பக்கமாகிவிடும். இந்த 1987ஆம் ஆண்டுக் காலண்டரை மட்டும் அவள் வெட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை போனேன். தன் மிஷினுக்கு எதிரே சுவரில் பன்னிரண்டு தாளையும் வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள்.

அது எங்களிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பியக் கம்பெனி அனுப்பியது. மாதத்துக்கு ஒரு பெண். எல்லாம் கறுப்பு மையில் அச்சான பழைய ஓவியங்கள். அடியில் இருந்த மொழி எனக்குத் தெரியாது. எண்கள் மட்டும் புரிந்தன: 1639, 1641, 1643, 1644. எங்கள் ஊரில் அந்த வருஷத்தில் பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்று யாரும் வரைந்து வைக்கவில்லை. அங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து, தெருவில் போகிற பெண்ணின் காலணி நாடா வரைக்கும் வரைந்திருந்தார். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது.

ஜனவரிப் பெண் தலையை முக்காடு போல மூடி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி கட்டி, இரண்டு கைகளையும் ரோமத்தால் செய்த ஒரு குழாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தாள். ஏப்ரல் பெண்ணின் தோளில் இடுப்பு வரைக்கும் அகலமான வெள்ளைக் காலர், விளிம்பெல்லாம் பூவேலை. ஜூன் பெண்ணின் கை ஊதிப் பெருத்து, முழங்கைக்கு மேல் நாடாவால் இறுக்கி, மறுபடி ஊதியிருந்தது. அக்டோபர் பெண் மேல் பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே இன்னொரு பாவாடை.

பீர் மைதீன் முதல் நாள் பார்த்ததும் கேட்டார்: "இது என்னட்டி, பொம்பளையா தேரா?"

"பொம்பளதான் மாஸ்டர். கையில மாட்டிருக்கது குளிருக்கு."

"திருடிட்டு வந்த தலகாணின்னுல்ல நான் நெனச்சேன். மூஞ்சியையும் கட்டிருக்கா."

கேலி செய்தாலும் கிழிக்கச் சொல்லவில்லை. அந்த ஆண்டு முழுக்க அவள் ஓய்வு நேரத்தில் நியூஸ் பேப்பரில் ஒரு சாண் உயரத்துக்கு அந்த உடைகளை வெட்டி ஒட்டினாள். படத்தில் முன்பக்கம்தான் தெரியும், பின்பக்கத்தை அவளே யோசிக்க வேண்டும். அக்டோபரைப் பதினோரு தடவை வெட்டினாள்.

அப்போதுதான் நான் ஒரு உதவி செய்தேன். உதவி என்றுதான் நினைத்தேன். ஆலையில் நூல் எண்ணும் கண்ணாடி ஒன்று உண்டு. பித்தளையில் மடக்குகிற சட்டம், நடுவில் ஓர் அங்குலச் சதுரத் துளை, மேலே பூதக்கண்ணாடி. துணி மேல் வைத்தால் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிவிடலாம். சனிக்கிழமை மாலை பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்து வருவேன், திங்கட்கிழமை காலை திருப்பி வைப்பேன். அதை அந்தப் படங்கள் மேல் வைத்துப் பார்த்தோம். பாவாடை முழுக்க மயிரிழை போலக் கோடுகள் ஓடின. கைகளில் ஓடின. மார்புப் பகுதியில் ஓடின.

"அண்ணாச்சி, இது பின்டக்கு," என்றாள். துணியைக் கோடு போல மெல்லியதாக மடித்து மடித்துத் தைப்பதற்குத் தையற்கடையில் பின்டக் என்று பெயர். "ஏ அம்மா, எம்புட்டு வச்சிருக்காவ! எண்ணுங்க."

நான் எண்ணினேன். அக்டோபர் பெண்ணின் பாவாடை முன்பக்கம் நாற்பத்தாறு. ஒவ்வொரு கையிலும் பதினெட்டு. மார்பில் இருபத்து நான்கு. இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்து, தேதியிட்டு எழுதிக் கொடுத்தேன்.

1989 ஜனவரி 7ஆம் தேதி பெண்கள் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் ஞானதுரை கடைக்கு வந்தார். பிப்ரவரி 25ஆம் தேதி பள்ளி ஆண்டு விழா. அவர் ஒரு நாடகம் எழுதியிருந்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பியத் துறைமுகம், ஒரு வணிகனின் வீடு, திரும்பி வராத கப்பல், காத்திருக்கும் நான்கு பெண்கள். உடைக்கு மதுரையில் வாடகைக் கடையெல்லாம் ஏறி இறங்கிவிட்டார். ராஜா அங்கியும் போலீஸ் சட்டையும்தான் இருந்தனவாம். பேசிக்கொண்டே இருந்தவர் சுவரைப் பார்த்தார். அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

"மாஸ்டர், இதேதான். இதே மாதிரி நாலு."

பீர் மைதீன் கையை விரித்தார். "சாரே, எனக்கு ஜாக்கெட்டு தெரியும், சட்டை தெரியும், பேண்டு தெரியும். இந்தக் கூடாரம் எனக்கு வராது."

"நான் வெட்டுறேன்," என்றாள் செல்லக்கனி. மிஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டே சொன்னாள்.

பீர் மைதீன் அவளைப் பார்த்தார், ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. மறுக்க முடியவில்லை போலும்.

"சரிட்டி. வெட்டு. ஸ்கூல்ல தார துணிக்கு மேல ஒரு சாண் கேக்கக்கூடாது. நாலும் நல்லா வந்துச்சுன்னா, பொறவு கடையில வார ஜாக்கெட்டு பூரா நீயே வெட்டு. துணி பாழாச்சுன்னா கத்திரிப் பேச்சே இந்தக் கடையில வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம் மாஸ்டர்."

துணி எடுத்தார்கள். ஒரு கவுனுக்கு ஏழு மீட்டர் என்று செல்லக்கனி கணக்குச் சொன்னாள், மொத்தம் இருபத்தெட்டு மீட்டர் பாப்ளின். நிறம் சாம்பல். படத்தில் வேறு நிறமே இல்லையே! ஜவுளிக்கடையில் அந்த நிறத்தில் அவ்வளவுதான் இருந்தது. பீஸ் அத்தோடு முடிந்தது.

காலருக்கு லேஸ் வாங்க வழியில்லை. எங்கள் ஆலையில் காயத்துக்கென்று நெய்யும் காஸ் துணியில் கழிவாக ஒதுக்கியது கிடைக்குமா என்று கேட்டாள். முதலாளியிடம் போய் நின்றேன். அவர் தெலுங்கு பேசுகிறவர்.

"ஏமய்யா, புண்ணுல கட்டுற துணிய கழுத்துல கட்டப் போறாளா?" என்று சிரித்துவிட்டு, கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். ஆறு மீட்டர். செல்லக்கனி அதை நான்கு மடிப்பாக வைத்து, விளிம்பில் இழைகளை ஊசியால் உருவி, மீதி இழைகளைச் சேர்த்து முடிந்து பூவேலை போல ஆக்கினாள். ஜவ்வரிசிக் கஞ்சியில் முக்கிப் பலகையில் நீவிக் காயவைத்தாள். தட்டினால் அப்பளம் மாதிரி சத்தம் வந்தது.

அக்டோபர் பெண்ணை மாதிரியாக வைத்துக் கவுனைத் தொடங்கினாள். மாஸ்டர் ஆணியிலிருந்து கத்தரியை எடுத்துக் கொடுத்தார், மாலையில் வாங்கி மறுபடி ஆணியில் மாட்டினார். மற்ற நேரம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முன்பக்கம் நாற்பத்தாறு, பின்பக்கமும் அதே போல இருக்கும் என்று இன்னொரு நாற்பத்தாறு, இரண்டு கைக்கு முப்பத்தாறு, மார்புக்கு இருபத்து நான்கு. ஒரு கவுனுக்கு நூற்று ஐம்பத்திரண்டு மடிப்பு. ஒரு மடிப்புக் கால் அங்குலத் துணியைத் தின்னும். மடிப்பு வைத்து முடித்ததும் பாவாடைச் சுற்று குறுகிவிட்டது. இன்னொரு துண்டு வெட்டி இணைத்தாள். கைக்கும் மார்புக்கும் மறுபடி வெட்டினாள். இரண்டாவது கவுனிலும் அப்படியே. பிப்ரவரி 13, திங்கட்கிழமை, மீதித் துணியை அளந்தாள். பத்து மீட்டர். இன்னும் இரண்டு கவுன் இருந்தன.

நான் கோடுகளை எண்ணினேனே தவிர, கோடு தின்னும் துணியை எண்ணவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைப்பவனுக்கு இது இன்றும் உறுத்துகிறது.

அன்று மாலை நான் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்குப் போனபோது அவள் டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் தொழுகைக்குப் போயிருந்தார். அச்சகம் வைத்திருக்கும் சேதுபதி தன் சட்டையை வாங்க வந்தார். கம்பியில் தொங்கிய இரண்டு கவுன்களையும் தடவிப் பார்த்தார்.

"ஏன் தாயி, இதுல எதுக்கு இம்புட்டு மடிப்பு?"

"படத்துல இருக்குல்ல. பாருங்க."

சேதுபதி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சுவரில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"இது மடிப்பு இல்ல தாயி. நிழலு."

"நிழலா?"

"செம்புத் தகட்டுல மெழுகு மாதிரி ஒண்ணப் பூசி, ஊசியால கீறி, திராவகத்துல போடுவாவ. கீறுன எடத்த மட்டும் அது தின்னும். அந்தப் பள்ளத்துல மையத் தடவி தாள அமுக்கணும். மை ஒரே கறுப்பு. வெளுத்த கறுப்பு, அடர்ந்த கறுப்புன்னு ரெண்டு கெடையாது. பொறவு நெழல எப்படிப் போடுவான்? கோடா இழுக்க வேண்டியதுதான். நெருக்கி இழுத்தா இருட்டு. தள்ளித் தள்ளி இழுத்தா வெளிச்சம்."

நான் விட்டுக்கொடுக்காமல், "நாற்பத்தாறு கோடு இருக்கே, வரிசையா," என்றேன்.

"அண்ணாச்சி, இந்தா இவ மூஞ்சியப் பாருங்க. மூக்குக்குக் கீழ அஞ்சு கோடு இருக்கு. மூஞ்சியிலயும் மடிப்பு வச்சா தச்சிருப்பா?"

அன்று காலை ஆலையில் திருப்பி வைக்க மறந்து பையிலேயே கிடந்த நூல் எண்ணும் கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். மூக்குக்குக் கீழே கோடு இருந்தது. தரையில் இருந்தது. வானத்திலும் இருந்தது. ஓர் ஆண்டாக அந்தப் பெண்களைப் பார்த்தோம், துணியை மட்டும் பார்த்தோம்.

"அப்ப கலரு?" என்று கேட்டாள் செல்லக்கனி, மெல்ல.

"அவிய என்ன கலரு உடுத்துனாவன்னு எவனுக்குத் தெரியும்? செவப்பா இருந்தாலும் மை கறுப்புதான்." சேதுபதிக்கு அப்போதுதான் அவள் முகம் தென்பட்டிருக்க வேண்டும். சட்டையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்.

"மடிப்பப் பிரிச்சா என்ன?" என்று நான் கேட்டேன்.

"ஊசி ஓட்டை தெரியும் அண்ணாச்சி. பாப்ளின்ல மறையாது." கையில் சுற்றிய டேப்பை அவிழ்த்துக்கொண்டே, "மாஸ்டர்ட்ட நீங்க சொல்லாதீய. நானே சொல்லிக்கிடுறேன்," என்றாள்.

பீர் மைதீன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். படத்தைத் தப்பாகப் பார்த்ததையும், நான்கு மீட்டர் அதிகம் போனதையும், பத்து மீட்டர்தான் மிச்சம் என்பதையும். அவர் ஒரு செருப்போடு நின்று கேட்டார்.

"ரெண்டு கவுனுக்குப் பதினாலு வேணும்."

"பத்துல முடிப்பேன் மாஸ்டர்."

"முடியலைன்னா?"

"பேசுனது பேசுனதுதான். கத்திரியத் திரும்பிப் பாக்க மாட்டேன்."

"கோடு எண்ணுனது யாரு?"

"நான்தான்," என்றேன்.

"ரெண்டு பேரும் நல்லா எண்ணுனிய போங்க," என்று சொல்லிவிட்டு மறு செருப்பைக் கழற்றினார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அவள் ஒரு துணியையும் தொடவில்லை. அக்டோபர் தாளைச் சுவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நூல் எண்ணும் கண்ணாடியை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். அந்த வாரம் கண்ணாடியைத் திங்கட்கிழமை திருப்பி வைக்காமல் புதன்கிழமை வைத்தேன், பதிவேட்டில் காரணம் எழுதினேன். மாலையில் நான் போனதும் பேசத் தொடங்கினாள். முகம் முந்தின நாள் போல இல்லை.

"அண்ணாச்சி, நெழலுன்னு தெரிஞ்சு பாத்தாத்தான் படம் பேசுது. இந்தா, இடுப்புக்கு முன்னால கோடே இல்ல. வெளிச்சம். அப்ப அங்க துணி தட்டையாக் கெடக்கு. சுருக்கே இல்ல. நான் அங்கயும் சுருக்கு வச்சு துணியக் கொட்டிருக்கேன். கோடு நெருக்கமா இருக்கது ரெண்டு விலாவுலயும் பின்னாலயும்தான். சுருக்கு பூரா அங்கதான்."

"சரி, அதுல எவ்வளவு மிஞ்சும்?"

"ஒரு மீட்டர் மிஞ்சும். இன்னொண்ணு கேளுங்க. மேல் பாவாடையத் தூக்கிப் பிடிச்சிருக்காள்ல. உள் பாவாடை தெரியுறது இந்தா, முன்னால ஒரு கிழிசல் அளவுக்குத்தான். நான் என்ன செஞ்சேன்? உள்ளயும் சுத்திச் சுத்தி முழுப் பாவாடை தச்சேன். எவ பாக்கப் போறா? முன்னால மட்டும் ஒரு துண்டு வச்சு மேல் பாவாடையிலயே பிடிச்சுட்டா?"

பக்கத்து மேஜையில் ஜாக்கெட் வெட்டிக்கொண்டிருந்த பீர் மைதீன் கத்தரியை நிறுத்தினார். அந்தப் பேச்சு முடியும் வரை கத்தரி ஓடவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

அவள் முதலில் தாளில் வெட்டினாள். பிறகு துணியில் சாக்குக்கட்டியால் வரைந்தாள். வரைந்ததை அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். பிப்ரவரி 16, வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்குக் கத்தரி வைத்ததாகப் பின்னால் சொன்னாள். மூன்றாவது கவுனுக்கு நான்கு மீட்டர் எண்பது. நான்காவதற்கும் அதே. பத்து மீட்டரில் நாற்பது சென்டிமீட்டர் மிச்சம். அதில் ஜனவரிப் பெண்ணின் குழாய்க்கு உறை தைத்து, உள்ளே இலவம்பஞ்சு அடைத்தாள்.

இரண்டு கவுன் கோடு போட்டது, இரண்டு கோடு இல்லாதது. ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டிருந்தாள். ஞானதுரை நான்கையும் பார்த்துவிட்டு, "ரொம்பச் சரி. வணிகன் மனைவியும் தங்கச்சியும் பணக்காரங்க, அவங்களுக்குக் கோடு. பக்கத்து வீட்டுக்காரிக்கும் வேலைக்காரிக்கும் சாதா. நானே கேக்கணும்னு இருந்தேன்," என்றார். கேட்க நினைத்தாரோ என்னவோ, நாடக ஆசிரியர்கள் அப்படித்தான்.

பிப்ரவரி 25, சனிக்கிழமை, மாலை ஆறரை மணி. பள்ளி மைதானத்தில் பந்தல். நான் ஐந்தாவது வரிசையில். செல்லக்கனி மேடைக்குப் பின்னால் ஊசி நூலோடு. சோலைராஜ் மில்லில் முறை மாற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பீர் மைதீன் கடைசி வரிசையில் நின்றார். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தவர்.

திரை விலகியது. ஒலிபெருக்கிக்காரர் மேடையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பெரிய விளக்கு நிறுத்தியிருந்தார். பக்கவாட்டிலிருந்து அடித்த அந்த வெளிச்சத்தில் சாம்பல் கவுனின் ஒவ்வொரு மடிப்பும் தன் ஓரத்தில் மெல்லிய கறுப்பு நிழல் ஒன்றைப் போட்டது. நாற்பத்தாறு நிழல். வணிகன் மனைவியாக நடித்த பிள்ளை நடந்தபோது கோடுகள் கூடவே நடந்தன. வெள்ளைக் காலர் தோளில் விறைப்பாக நின்றது. காலண்டரில் இருந்த படம், மையில் அச்சான அதே படம், எழுந்து வந்து மேடையில் வசனம் பேசியது. சோலைராஜ் என் தொடையைப் பிடித்து அழுத்தினான்.

எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நாடகத்தைக் கேட்கவே இல்லை.

"ஏட்டி, அந்தக் கோடு போட்ட துணி எந்தக் கடையில எடுத்தாவ?"

"துணியில கோடு இல்லக்கா. மடிச்சுத் தச்சிருக்கு. பாரு, திரும்புறா பாரு."

"கிறிஸ்மஸுக்கு எம்பிள்ளைக்கு இந்த மாதிரி ஒரு கவுன் தைக்கணும். யாரு தச்சாவன்னு கேளு."

கப்பல் வந்தது, வணிகன் வந்தான், கைதட்டல் முடிந்தது. கூட்டம் கலைந்தபோது அந்தப் பெண்கள் வழியில் நின்ற பீர் மைதீனை அடையாளம் கண்டு, "மாஸ்டர், நீங்க வெட்டுனதா?" என்று கேட்டார்கள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். பெரும்பாலும் அவருடைய வாடிக்கையாளர்கள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், ஊர் நம்பிவிடும். கடைப் பலகையில் இருப்பது அவர் பெயர்தானே. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் வெட்டல," என்றார். குரலை உயர்த்தியே சொன்னார். "எங்க கடை செல்லக்கனி வெட்டுனது. எனக்கு இது வராது."

திங்கட்கிழமை மாலை கடைக்குப் போனேன். மாஸ்டர் சுத்தியலோடு செல்லக்கனியின் மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் நின்றுகொண்டிருந்தார்.

"கைய நீட்டுட்டி. இம்புட்டுத்தான் எட்டுமா? எம்புட்டுக் குள்ளமா இருக்க!"

"நீங்க பனைமரம். அதுக்கு நான் என்ன செய்ய?"

அவள் கை எட்டிய இடத்தில் ஆணியை அடித்தார். பத்து அங்குலக் கத்தரியை அதில் மாட்டினார். பிறகு தன் மேஜைக்குப் போய் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "கக்கத்துல இழுக்குதுன்னு சொன்னியே. அது எப்படின்னு வெட்டிக் காட்டு," என்றார். பழைய ஆணி ஆறடி நான்கு அங்குல உயரத்தில் இருந்தது, புதியது ஐந்தடி எட்டு அங்குலம். டேப் இருந்தது, அளந்தேன்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் பின்டக் வைத்த பிள்ளைக் கவுன்கள் நாற்பத்தொன்று போயின. ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்குக் காலண்டர் கவுன் என்று பெயராகிவிட்டது. மறு ஆண்டு கிருஷ்ணன்கோவிலிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் துணி வந்தது. ரம்ஜானுக்குப் பீர் மைதீனின் பேத்திகளும் அதையே கேட்டார்கள். "முந்நூறு வருசம் முன்னாடி எவனோ தகட்டுல கீறுனதுக்கு என் வீட்டுப் பிள்ளைக அழுவுதுக," என்று அலுத்துக்கொண்டே அளவு எடுத்தார். வெட்டியது செல்லக்கனி.

1994 செப்டம்பர் 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ராஜபாளையத்தில் காந்தி சிலைப் பக்கம் அவள் தன் கடையைத் திறந்தாள். பீர் மைதீன் வந்து, முதலில் வெட்டத் தன்னுடைய சட்டைத் துணியைக் கொடுத்தார். ஆணிக்கதையைச் சொல்லிச் சிரித்தார். நான் அந்தக் காலண்டரின் பன்னிரண்டு தாளுக்கும் சட்டம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அக்டோபர் தாளில் மட்டும் ஓர் ஓரத்தில் சாக்குக்கட்டித் தூள் போகவில்லை.

கடையில் அவளோடு சேர்த்து ஆறு பெண்கள். சண்முகத்தாய் என்பவள் அன்றுதான் சேர்ந்திருந்தாள், இன்னும் காஜா போடத் தெரியாது. ஒவ்வொரு மிஷினுக்கும் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி, ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில், ஒவ்வொன்றிலும் ஒரு கத்தரி. சண்முகத்தாய் தன் ஆணியைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது யாருக்கு?" என்று கேட்டாள்.

"ஒனக்குத்தான். கைய நீட்டிப் பாரு, எட்டுதா?" என்றாள் செல்லக்கனி.

எட்டியது.